ஈரப்பதம்

கொலுசைக் கழற்றிவிட்டு
வெறுங்காலோடு ஏற வேண்டும்.
கண்ணாடித் தட்டில் நாலு வெள்ளிப் பட்டை.
ஒரு பாதத்தில் நுழைகிற மின்சாரம்
மறு பாதத்தில் வெளியேறுகிறதாம்.
எறும்பு ஊர்கிற கூச்சம்கூட இல்லை.

எடை 71.4
கொழுப்பு 38.2
நீர் 44.9

"நான் சொல்லலே, கொழுப்பு ஜாஸ்தின்னு"
என்கிறார் குளியலறைக்கு உள்ளேயிருந்து.
பத்தொன்பது வருசமாய்ச் சொல்லிவந்தவருக்கு
இன்றைக்குத்தான் ஆதாரம் கிடைத்திருக்கிறது,
அதுவும் ஒரு புள்ளி வைத்து.

எனக்கு உறுத்தியது மூன்றாவது வரி.

நேற்று கொள்முதல் நிலையத்தில்
காசிமாயன் கேட்டுவிட்டுப் போனது:
"ஈரமே இல்லையாத்தா ஒனக்கு?"

அவர் நெல்லில் அது கூடிப்போயிருந்தது.
பதினேழு வரைக்கும் எடுக்கலாம்.
என் கைமிஷின் பதினேழு புள்ளி ஆறு காட்டியது.
ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார்.
"கேட்டியா? டக்குன்னு ஒடயுது.
ஈர நெல்லு இப்படியா ஒடயும்?"
மிஷின் சொல்லுதுண்ணே என்றேன்.
அறுபத்திரண்டு மூட்டையையும் அவிழ்த்து
மேலக்கால் ரோட்டில் ஒரு ஓரமாகப் பரப்பினார்.
பஸ் டயர் ஏறிய நெல்லை
ராத்திரி டார்ச் அடித்துக் கூட்டியிருப்பார்.

ஒரு வாரமாக நானும் ஏறி இறங்குகிறேன்.
விடிந்ததும் ஒரு கணக்கு.
கருவாட்டுக் குழம்பு தின்ற ராத்திரி வேறு கணக்கு.
குளித்த காலைத் துடைக்காமல் நின்றால்
நீர் கூடுகிறது, கொழுப்பு இறங்குகிறது.
மகன் விளையாட்டாய் என் வயதை
நாற்பத்தாறிலிருந்து இருபத்தாறு ஆக்கினான்.
ஒரு கவளம் குறையாமலே
மூன்று கிலோ கொழுப்பு காணாமல் போனது.

பெட்டிக்குள் மடித்துவைத்த தாளை
அப்புறம்தான் படித்தேன்.
தசையில் நீர் உண்டு, மின்சாரம் ஓடிவிடும்.
கொழுப்பில் தயங்கும்.
தயங்கிய அளவு மட்டும்தான் அதற்குத் தெரியும்.
மிச்சமெல்லாம்
நாம் சொன்ன வயதையும் உயரத்தையும் வைத்துப்
போட்டுக்கொள்கிற கணக்கு.
ஒருநாள் எண்ணைப் பார்க்காதீர்கள்,
ஒரே நேரத்தில் ஏறி
மாதக்கணக்கில் எந்தப் பக்கம் போகிறதென்று பாருங்கள்
என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது.

சரி.
என் உடம்புக்கு மாதக்கணக்கு உண்டு.
காசிமாயனுக்கு?

அரசரடியில் ஏறிய பஸ்ஸில் இதே நினைப்பு.
திருவேடகம் தாண்டும்போது பார்த்தால்
வைகையில் நாணல்தான் ஓடுகிறது.

வெள்ளனவே வந்து நின்றிருந்தார்,
கண் சிவந்து, தலைமுண்டில் பதர் ஒட்டி.
மூட்டையின் மேலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டேன்.
16.8
நடுவில் கைவிட்டு எடுத்துப் போட்டேன்.
17.3
அதே கை நெல்லைக் கொட்டித் திரும்பப் போட்டேன்.
17.1

மூன்று நாளாய் இந்த மிஷினை
யாரும் துடைக்கவில்லை என்பது நினைவு வந்தது.
போன மாதமே வரவேண்டிய சோதனைக்காரர்
இன்னும் வரவில்லை என்பதும்.

பதிவேட்டில் ஒரு கட்டம்தான்.
சுமைதூக்கிகள் டீயை உறிஞ்சியபடி
என் பேனாவைப் பார்க்கிறார்கள்.
தராசில் முதல் மூட்டையை ஏற்றுவதா
இறக்குவதா என்று ஒருத்தர் கேட்கிறார்.

ஒரு நெல்லை எடுத்து
நானும் கடைவாயில் வைத்தேன்.
காசிமாயன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
சத்தம் வருகிறதா என்று.